சிவப்பு எந்தப் பக்கம்

தோடம்பழத்தைக் குறுக்கே வெட்டாதே, நெடுக்காக வெட்டு, அப்போதுதான் ஓடி வருகிறவர்கள் பல்லால் இழுத்துவிட்டுத் தோலை எறிய வசதி என்று ஒடெத் காலையிலேயே சொல்லித் தந்துவிட்டாள். நானும் நெடுக்காகத்தான் வெட்டுகிறேன். ஆனால் நாலைந்து பழத்துக்கு ஒரு தடவை கத்தி தானாகக் குறுக்கே போய்விடுகிறது. கைக்கு ஒரு பழக்கம் ஏறிவிட்டால் அது தலையிடம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. "திரும்பவும் குறுக்க வெட்டிப்போட்டீர், ராசாத்தி" என்கிறாள் ஒடெத். அவள் உண்மையில் பிரெஞ்சில்தான் சொல்கிறாள். இந்த ஊரில் யார் என்ன சொன்னாலும் அது என் காதுக்குள் நுழைந்து திரும்பும்போது வன்னித் தமிழாகிவிடும். ஒடெத் என்னை ராசாத்தி என்கிறாள், இன்றைய மலையோட்டத்தை நடத்துகிற ஜெரார் என்னை நீர் என்கிறார், பாண்கடைக்காரி மட்டும் நீங்கள் என்கிறாள், அவளுக்கு என்னைப் பிடிக்காது. பவளராணி என்ற என் பெயர் இவர்களின் வாயில் பவுலாவாகி எத்தனையோ காலமாகிவிட்டது. பவுலா, மேசையைத் துடை. பவுலா, உப்புப் பிஸ்கட்டைப் பிரி. ஓடுகிறவர்களுக்குப் பழமும் பிஸ்கட்டும் வைக்கிற இந்த மேசை மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்லில் குடைந்த நீளமான தொட்டி, மலையிலிருந்து வருகிற நீர் ஒரு குழாயால் விழுந்துகொண்டே இருக்கிறது, இரவும் பகலும், யாரும் மூடுவதில்லை, முதல் வருடம் அதைப் பார்க்கும்போதெல்லாம் மூடவேண்டும் என்று கை துருதுருக்கும். நாலு வீடும் ஒரு தொட்டியும்தான் இந்தக் குறிச்சி. ஊர் அந்தப் பக்கம், மலைக்குப் பின்னால். மலை இன்றைக்குத் தெரியவில்லை, மூடுபனி, எங்கள் பேச்சில் புகார், இறங்கி அடியை மட்டும் விட்டு வைத்திருக்கிறது, கவிழ்த்து வைத்த பானையின் விளிம்பைப் போல.

எரிமலை என்று இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. எரிமலை என்றால் நெருப்பும் புகையும் அல்லவா, இதில் புல்லும் மாடும் நிற்கின்றன. இப்படி வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குழி, இட்டலித் தட்டுப்போல. வந்த புதிதில் என் கணவர் சுதன் ஜெராரிடம் கேட்டார், "இது எழும்பாதோ?" ஜெரார் யோசித்துவிட்டுச் சொன்னார், "கன ஆயிரம் வருசமாய் நித்திரை. நீர் கத்திக் கதைக்காட்டில் எழும்பாது." அதன்பிறகு சுதன் கொஞ்சநாள் உண்மையாகவே மெதுவாகக் கதைத்தார், அல்லது என்னைச் சிரிக்கவைக்க அப்படி நடித்தார். இன்றைக்கு அவர் பாற்கட்டித் தொழிற்சாலையில், ஞாயிற்றுக்கிழமை என்று பால் திரளாமல் இருக்காது. அதனால் மகளின் ஓட்டத்தைப் பார்க்க நான் ஒருத்திதான். பார்க்க மட்டும் இல்லை. நேற்றுப் படுக்கப் போகும்போது இசைவிழி வந்து என் கட்டில் விளிம்பில் இருந்து சொன்னாள், "அம்மா, நான் தண்ணித் தொட்டியைத் தாண்டேக்க நீங்கள் கத்தோணும். எல்லா அம்மாமாரும் அலே அலே எண்டு கத்துவினம். நீங்கள் தமிழிலை கத்துங்கோ. ஓடு ஓடு எண்டு." நான் "பாப்பம்" என்றேன். "பாப்பம் இல்லை. ஓடு. ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்." நான் போர்வையை இழுத்துக்கொண்டு "படு போய்" என்றேன். அவளுக்குப் பதினாறு வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு நான் சொல்லி வந்த சொல் ஒன்றுதான், ஓடாதை. பள்ளிக்கூட வாசலில் ஓடாதை, கடற்கரையில் ஓடாதை, புல்லுக்குள்ளே ஓடாதை. அப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளை கிழமைக்கு மூன்று நாள் இந்த மலைகளில் ஏறி ஓடுகிறாள், முழங்காலில் சிராய்ப்போடும் காதில் காற்றோடும் வீட்டுக்கு வருகிறாள். "தார் றோட்டு முடியிற இடத்தில உங்களுக்கு உலகம் முடிஞ்சிடும், என்னம்மா?" என்று கேட்கிறாள். பகிடிக்குத்தான் கேட்கிறாள். ஆனால் அது சரி. நான் இந்த ஊருக்கு வந்து இன்றுவரை ஒரு புல்வெளிக்குள் கால் வைத்ததில்லை.

புல்லுக்குப் பல்லிருக்கு. தெய்வி அக்கா சொல்வது. முகமாலைப் பக்கத்தில் நாங்கள் கண்ணிவெடி அகற்றிய காலத்தில் எங்கள் குழுவுக்கு அவதான் பொறுப்பு. என்னைவிட மூன்று வயது கூட, வெற்றிலை போடுவா, முகத்தை மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடிக்குள்ளிருந்தே ஊர்ப்புதினம் எல்லாம் சொல்லுவா. காலையில் வெடி தேடுகிற ஒழுங்கைக்குள் இறங்குமுன் எல்லோரையும் நிறுத்தி, "பிள்ளையள், ஓடாதேங்கோ. பாம்பு வந்தாலும் ஓடாதேங்கோ. பாம்புக்கு ஒரு பல்லு, புல்லுக்குக் கனக்கப் பல்லிருக்கு" என்பா. நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு முழங்காலில் இருந்து, கோலை நீட்டி, மண்ணைத் தடவித் தடவி, ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்தைத் திருப்பி எடுப்போம். எடுத்த நிலத்துக்கு வெள்ளை அடித்த கட்டை. எடுக்காத நிலத்துக்குச் சிவப்பு அடித்த கட்டை. சிவப்புக்கு அந்தப் பக்கம் போகாதே, வெள்ளைக்குள் நில். அவ்வளவுதான் சட்டம். வேலையை விட்டுவிட்டு இசையைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தபோது அந்தச் சட்டத்தையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கவேண்டும், எனக்கே தெரியாமல். அடுப்பில் ஒரு சுவாலை பழுதானபோது அதன் திருகில் சிவப்பு நூல் கட்டினேன். சூடான சட்டியின் பிடியில் சிவப்பு நூல். மிளகாய்த்தூள் போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல், மூன்று முடிச்சு. குடிக்கிற பாலுக்கு மேலே வெள்ளைத் துணி. எழுத்து வாசிக்கத் தெரியுமுன்னே பிள்ளை அதை வாசித்தாள். வளர்ந்தபிறகு ஒருநாள் சிநேகிதியைக் கூட்டி வந்து, "கவனம், இது எங்கடை அம்மாவின்ரை நாடு. சிவப்பைத் தொட்டால் சுடும்" என்று பெருமையாகக் காட்டினாள்.

தெய்வி அக்காவுக்கு ஒரு மகள் இருந்தாள். இருக்கிறாள். அவளின் பெயர் காலையிலிருந்து வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. கு-வில் தொடங்கும். குமுதினி இல்லை. குந்தவை இல்லை. இப்படி ஒரு பெயர் சிக்கிக்கொண்டால் எனக்குத் தோடம்பழம் ஓடாது. "பவுலா, எங்க போயிட்டீர்?" என்கிறாள் ஒடெத். "இஞ்சதான்" என்கிறேன். ஒடெத் தன் நோகிற தொடைச்சந்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல அசைந்து மற்றப் பக்கம் போய், உலர்ந்த இறைச்சிக் குழலைத் தாள்போல மெல்லிசாக அரிகிறாள். ஒரு துண்டை ஓடுகிறவர்களுக்கு, ஒரு துண்டைத் தனக்கு. "வைத்தியர் வேண்டாமெண்டவர். ஆனால் வைத்தியர் இண்டைக்கு ஓடுறார், அவர் வந்து சேர முன்னம் சாப்பிட்டு முடிச்சிடலாம்." அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும், வயிற்றிலிருந்து கிளம்பித் தோளில் வந்து குலுங்கும். இந்த வருடம் என்னையும் வேலைக்குச் சேர்க்கச் சொன்னதும் இவள்தான். வேலை என்றால் இந்த மேசை மட்டும் இல்லை. நேற்றுப் பாதைக்கு அடையாளம் கட்டியது நான். எல்லாப் பாதைக்கும் அல்ல, என் துண்டு ஒன்று, மலைச்சரிவில் உள்ள சின்னத் தேவாலயத்துக்கு மேலே இருந்து, கல் வெட்டின பழைய கிடங்குக்குக் கிட்டப் பாதை இரண்டாகிற பிரிவு வரைக்கும். ஜெரார் ஒரு பை நிறையச் சிவப்பு ரிபனும் ஒரு பொட்டலம் கோதுமை மாவும் தந்து, "உம்மடை மகள் சொன்னவள், நீர் ஊரிலை பாதை அடையாளம் வைக்கிற வேலைதான் செய்தனீராம். எங்களுக்கு உம்மைப்போல ஒராள்தான் தேவை" என்றார். இசை அப்படியா சொன்னாள். பாதை அடையாளம் வைக்கிற வேலை. அது எவ்வளவு அழகான பெயர். அந்தப் பெயருக்காகவே ஒப்புக்கொண்டேன். இன்னொன்றுக்காகவும், அந்தத் துண்டில் புல் இல்லை. முழுக்கச் செம்பொரிக்கல். எரிமலை கக்கி ஆறிய கல், நுரைத்த பாணியைப்போலத் துளை துளையாக, கையில் எடுத்தால் பாரமே இல்லை, மிதித்தால் பொரி சப்புகிற சத்தம். எங்கள் செம்பாட்டு மண்ணின் நிறம். ஒன்றையும் ஒளித்து வைக்கமாட்டாத நிலம், எல்லாமே வெளியே கிடக்கிறது. நான் அதில் மெதுவாக நடந்து, கைக்கு எட்டிய ஒவ்வொரு செடியிலும் ஒரு ரிபனைக் கட்டி, என்னை நானே மெச்சிக்கொண்டு போனேன். ரொம்ப நாளைக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே எனக்கு இரண்டு கால் இருப்பது இதமாகத் தெரிந்தது.

மணி அடிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஊர்க்கோயில் மணி, புகாருக்குள் பஞ்சு சுற்றிய மாதிரிக் கேட்கிறது. "வெளிக்கிட்டாச்சு" என்கிறாள் ஒடெத். இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியிருப்பார்கள், இசை முன்வரிசையில் நின்றிருப்பாள், வலது சப்பாத்துக் கயிற்றை இரண்டு தடவை இறுக்கியிருப்பாள், அது அவளுடைய பழக்கம். தேவாலயம் வரைக்கும் ஏற்றம், பிறகு என் துண்டு, பிறகு பிரிவு, பிரிவில் இடது பக்கம் திரும்பி மலையைச் சுற்றி இறக்கம், இறங்கினால் இந்தத் தொட்டி. இடது. ஒடெத் ஒரு சிவப்பு ரிபனை எடுத்துக் குனிகிறாள், குனிய அவளுக்கு நேரம் பிடிக்கிறது, மேசைக்காலில் கட்டப் பார்க்கிறாள். என் கை போய் அவளின் கையைப் பிடித்துவிட்டது. "வேண்டாம்." "ஏன்?" "இதைக் கட்டினால் ஒருத்தரும் இஞ்ச வராயினம்." ஒடெத் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள், தோள் குலுங்குகிறது. "கட்டினால்தானே வருவினம், ராசாத்தி. சிவப்பைப் பாத்துப் பாத்துத்தானே இண்டைக்கு முழுக்க ஓடப் போகினம்." ஓம் என்று நானும் சிரித்தேன். சிரித்து முடிக்குமுன்பே உள்ளங்கால் குளிர்ந்துவிட்டது. பிரிவில் நான் எந்தப் பக்கம் சிவப்பைக் கட்டினேன்.

இல்லை, சரியாகத்தான் கட்டியிருப்பேன். தேவாலயத்திலிருந்து பிரிவு வரைக்கும் ஒரே பாதை, அங்கே பிழைக்க இடமில்லை. பிரிவில் வந்து நின்றேன். இடது பக்கம் மஞ்சள் பூச்செடிகளுக்குள்ளால் இறங்குகிற பாதை. வலது பக்கம் அதே அகலத்தில், அதே நிறத்தில் இன்னொரு பாதை. ஜெரார் சொன்னது என்ன, "போகவேண்டிய பக்கம் சிவப்பைக் கட்டும், போகக்கூடாத பாதைக்குக் குறுக்கே மாவாலை ஒரு வெள்ளைக் கோடு இழும்." எனக்கு விளங்கியது. நான் தலையாட்டினேன். பிறகு, பிறகு ஏன் நான் வலது பக்கம் போனேன், பார்க்கத்தான் போனேன், எதற்குப் போகக்கூடாது என்று பார்க்க. கொஞ்சத் தூரம்தான். பாதை ஒரு வளைவு வளைந்து, அப்படியே முடிந்தது. பழைய கிடங்கு. ஒரு காலத்தில் வண்டி வண்டியாய்ச் செம்பொரிக்கல் வெட்டியிருக்கிறார்கள், மலையின் வயிற்றை மாம்பழம்போலக் கீறி வைத்திருக்கிறார்கள், உள்ளே சிவப்பு, கறுப்பு, திரும்பச் சிவப்பு. விளிம்பில் பழைய முட்கம்பி அறுந்து தொங்கியது. விளிம்புக்குக் கீழே ஒன்றுமில்லை. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு கல் தானாக உருண்டு போய் விழுந்தது, விழுந்த சத்தம் வர நேரமெடுத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நெஞ்சடிப்போடுதான் திரும்பினேன். திரும்பி வரும்போது ரிபன் பை என் கையில் இருந்தது. ஐயோ, கையில் இருந்தது. விளிம்புக்குக் கிட்ட ஒரு செடியில் ஒன்று, வளைவில் ஒன்று, பிரிவின் வாசலில் ஒன்று, நன்றாக, குருடருக்கும் தெரிகிற மாதிரி, மூன்று முடிச்சுப் போட்டு. இங்கே வராதே. இங்கே வராதே. இங்கே வராதே. பிறகு மாப் பொட்டலத்தைப் பிரித்து இடது பாதைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, அகலமாக. இது சுத்தம், இதால் வா. வீட்டுக்குப் போய்க் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். நன்றாக வந்திருந்தது. சுதன் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். இல்லை, இது பயத்தில் நான் இப்போது சோடிக்கிற கதையாகவும் இருக்கலாம், பயத்துக்குக் கதை கட்டத் தெரியும். ஆனால் அந்த வாசல் முடிச்சை இறுக்கும்போது ரிபன் விரலை வெட்டியது, இதோ கோடு, பெருவிரலில், தோடம்பழச் சாறு பட்டு எரிகிறது. எந்தப் பக்கத்துச் செடி அது, முள் இருந்தது, முட்செடி வலது பக்கம்தான் நின்றது.

"ஒடெத், நான் பிழையாக் கட்டிப்போட்டன்." சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் பிரெஞ்சு எல்லாம் உடைந்து போயிற்று, கையால் காட்டினேன், சிவப்பு இங்கே, வெள்ளை அங்கே, கிடங்கு. அவள் முதலில் விளங்காமல் சிரித்தாள், பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "கிடங்குப் பக்கமோ?" "ஓம்." "இந்தப் புகாருக்குள்ளையோ." அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. இந்தக் குறிச்சிப் பள்ளத்துக்குள் கைத்தொலைபேசி எடுக்காது, தொட்டிச் சுவரில் ஏறி நின்றால்தான் எடுக்கும், எழுபது வயதில் ஒடெத் அந்தத் தொடைச்சந்தோடு சுவரில் ஏறினாள், நான் இடுப்பைப் பிடித்தேன். ஜெராரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. "அவன் ஒலிபெருக்கியிலை கத்திக்கொண்டு நிப்பான், மடையன். நான் அடிச்சுக்கொண்டே இருக்கிறன். நீர் போம்." பிரிவில் யாரும் நிற்கவில்லை, பவுலா கட்டினது, அங்கே ஆள் தேவையில்லை என்று நேற்று எல்லோர் முன்னாலும் ஜெரார் சொன்னார். நான் பாதைப் பக்கம் திரும்பினேன். ஒடெத் மேலிருந்து கத்தினாள், "அதாலை இல்லை. அது மலையைச் சுத்தும். புல்லுக்குள்ளாலை ஏறும், நேர மேலதான் பிரிவு." தொட்டிக்குப் பின்னால் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் புல், வெட்டாத புல், இடுப்பளவு, புகார் வரைக்கும் புல். "எனக்கு ஏலாது." "மாடு இல்லை அதுக்குள்ளை." "மாடில்லை, ஒடெத்." "றொபேருக்குப் பயமோ? புல்லை மிதிச்சால் கத்துவான்தான். கத்தட்டும். என்ரை தம்பி, நான் பாக்கிறன், நீர் ஓடும்!" ஓடும் என்றாள். நான் ஏப்ரனோடு வேலியின் முன்னால் நின்றேன். கம்பியில் மின்சாரம் டிக், டிக் என்று நடந்துகொண்டிருந்தது.

குனிந்து, மண்ணோடு மண்ணாக, கம்பிக்குக் கீழே ஊர்ந்து போனேன். ஊர்வது எனக்குத் தெரியும். எழும்பி நின்றபோது புல் என் இடுப்பைச் சுற்றி நனைந்து நின்றது, மேலே மஞ்சளும் ஊதாவுமாய்ப் பூக்கள் தலையாட்டின, அடி தெரியவில்லை. எல்லாப் புல்லுக்கும் அடி தெரியாது, அதுதான் புல். வலது காலைத் தூக்கி, முன்பாதத்தால் தடவி, பாரம் இல்லாமல் வைத்து, பிறகு பாரத்தை மாற்றி, பிறகு இடது கால். இது பிரான்சு. இது றொபேரின் புல். இது போன வருடமும் வெட்டினது, அதற்கு முந்தின வருடமும் வெட்டினது, உழவுயந்திரம் ஏறினது, அவனும் அவன் அப்பனும் ஏறினது, எனக்குத் தெரியும், தலைக்குத் தெரியும், காலுக்கு யார் சொல்வது. வலது கால். தடவி. இடது கால். இப்படிப் போனால் இசையின் கலியாணத்துக்குத்தான் மேலே போய்ச் சேருவேன். அவள் கலியாணம். அவள். அப்போது கேட்டது. மேலே, புகாருக்குள், வெகு தூரத்தில், பொரி சப்புகிற சத்தம். ஒரு ஆள் இல்லை, பல பேர். செம்பொரிக்கல்லில் கால்கள். அவர்கள் தேவாலயத்தைத் தாண்டிவிட்டார்கள், என் துண்டுக்குள் வந்துவிட்டார்கள், நான் கட்டின ஒவ்வொரு சிவப்பையும் நம்பி நம்பி வருகிறார்கள். தெய்வி அக்கா, என்ன செய்யட்டும்.

தெய்வி அக்கா ஓடினா. அதைத்தான் நான் காலையிலிருந்து நினைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன், பெயரைத் தேடுகிற சாட்டில். ஓடாதேங்கோ என்று எங்களுக்குச் சொன்னவதான் ஓடினா. மத்தியானம், சாப்பாட்டு நேரம், நாங்கள் முகக்கண்ணாடியைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டு நிற்கிறோம், றோட்டுப் பக்கத்தால் அவவின் மகள் வருகிறாள், பள்ளிக்கூட உடுப்போடு, கையைப் பொத்திக்கொண்டு. "அம்மா, பல்லு விழுந்திட்டுது!" விழுந்த பல்லைத் தாய்க்குக் காட்ட வந்த பிள்ளை. எல்லைக்குக் கட்டியிருந்த கயிற்றை அவள் காணவில்லை, தாயைத்தான் கண்டாள். கயிற்றுக்கு மேலால் ஒரு காலைத் தூக்கினாள். தெய்வி அக்கா வெள்ளைக் கட்டைகளுக்குள்ளால் சுற்றி வரவில்லை. சிவப்புக்குள்ளால் மூலையை அறுத்து நேரே ஓடினா. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பயத்தில் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டாள், பொத்தின கைக்குள் பல்லு அப்படியே இருந்தது. அக்காவுக்கு இடது கால், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. இப்போது கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறா, பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் குரல் அனுப்புவா, பின்னால் தராசுத்தட்டுச் சத்தம் கேட்கும். ஒருநாள் நான் கேட்டேன், ஏனக்கா ஓடினீங்கள், உங்களுக்குத் தெரியாததோ. "எனக்கு அண்டைக்குக் கால் எண்டு ஒண்டு இருந்ததே நினைவில்லையடி" என்றா. குயிலினி. அந்தப் பிள்ளையின் பெயர் குயிலினி. பெயர் வந்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை. புல் முகத்தில் அடிக்கிறது, ஏப்ரன் காலுக்குள் சிக்குகிறது, அவிழ்த்து எறிந்தேன், ஒரு குழி, விழுந்தேன், எழும்பினேன், கையில் ஈரம், மண்வாசனை, வெடிக்கவில்லை, எதுவும் வெடிக்கவில்லை, ஒரு சின்னக் குருவி காலடியிலிருந்து விர்ரென்று கிளம்பியது, ஐயோ என்று கத்தி அதோடும் ஓடினேன். மூச்சு நெஞ்சுக்குள் முள்ளாய் நிற்கிறது. மேட்டில் புல் கட்டையாகிறது, கல் தொடங்குகிறது, சிவப்புக் கல், என் கல். புகாருக்குள் ஒரு குரல். "கோஷ்! கோஷ்!" இடது, இடது. யார் அது, ஜெராரா, இல்லை, பொம்பிளைக் குரல், பிள்ளைக் குரல், எனக்குத் தெரிந்த குரல், பசித்தால் எழும்புகிற குரல். செடிகளைத் தள்ளிக்கொண்டு பிரிவில் போய் விழுந்தேன். வலது பாதையின் வாசலில், என் சிவப்பு ரிபனுக்குப் பக்கத்தில், நெஞ்சில் இலக்கத் தாளோடு, கையை இரண்டு பக்கமும் அகல விரித்துக்கொண்டு இசைவிழி நிற்கிறாள். புகாருக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வருகிறார்கள், சிவப்பைக் கண்டு வலது பக்கம் சாய்கிறார்கள், அவளைக் கண்டு இடது பக்கம் திரும்புகிறார்கள், வெள்ளைக் கோட்டைத் தாண்டி இறங்கிப் போகிறார்கள். கோடு காலடிகளில் அழிந்து பாதியாகிவிட்டது.

"ஒருத்தரும் போகேல்லை அம்மா" என்றாள், என்னைக் கண்டதும், நான் ஒன்றும் கேட்குமுன். "ஒருத்தரையும் விடேல்லை." முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். "உனக்கு, உனக்கு எப்பிடி." "இந்த முடிச்சைப் பாக்கத் தெரியாதோ. மிளகாய்த்தூள் போத்தல் மாதிரி." சொல்லிக்கொண்டே ஒரு கிழவருக்கு இடது பக்கம் கையைக் காட்டினாள். "சிவப்பைக் கண்டிட்டு நேர ஓடப் பாத்தன். பிறகு முடிச்சைக் கண்டன். இது அம்மா கட்டினது, சுடும் எண்டு நினைச்சன். அப்பிடியே நிண்டிட்டன்." "நீ முதலாவதா வந்தனியோ?" "முதலாவதா வந்தபடியாத்தானே நிக்கிறன்." அதைச் சும்மா சொன்னாள். எத்தனை மாதம் மழையிலும் பனியிலும் ஏறி இறங்கினாள், சப்பாத்து ஒன்று தேய்ந்து இரண்டாவது வாங்கினது, எல்லாவற்றையும் இந்த வாசலில் கையை விரித்து நிறுத்திவிட்டு நிற்கிறாள். நான் அழப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே ஈரம், அதில் அப்பின புல்விதைகள், மஞ்சள் தூள், ஒரு ஊதாப் பூவின் இதழ். மெல்லக் குனிந்து ஒரு விதையைக் கிள்ளி எடுத்தாள். "அம்மா. நீங்கள் எதுக்குள்ளாலை வந்தனீங்கள்?" "புல்லுக்குள்ளாலை." "நடந்தோ?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் அந்த விதையை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள், கண்டெடுத்த ஒன்றைப்போல.

"போ, நான் நிக்கிறன்" என்றேன். அவளை விலக்கிவிட்டு நான் வாசலில் நின்று கையை விரித்தேன். அவள் போகவில்லை. "இனிப் போய் என்னம்மா, பாதிப் பேருக்கு மேலே போயிட்டினம்." "போ எண்டு சொல்லுறனெல்லே." "அப்பிடிச் சொன்னால் போகமாட்டன்" என்றாள், நேற்றுக் கட்டில் விளிம்பில் இருந்த அதே முகத்தோடு. வலது சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து இரண்டு தடவை இறுக்கினாள். நிமிர்ந்து காத்திருந்தாள். அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ கிடங்கின் அடியில் கிடந்தது, எடுக்க நேரம் பிடித்தது, முதலில் வந்தது காற்றுத்தான். "ஓடு" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. "என்ன?" என்றாள், காதில் கை வைத்து, கள்ளி. "ஓடு!" என்று கத்தினேன். நித்திரை எரிமலை எழும்பினாலும் எழும்பட்டும் என்று கத்தினேன். "ஓடு பிள்ளை! ஓடு என்ரை குஞ்சு! ஓடு!" அவள் வெள்ளைக் கோட்டுக்கு மேலால் பாய்ந்தாள். மஞ்சள் பூக்கள் இரண்டு பக்கமும் அசைந்து மூடின. பொரிக்கல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு மண்ணில் விழுகிற மெத்தென்ற சத்தம், பிறகு அதுவும் புகாருக்குள் போய்விட்டது. நான் கத்துவதை நிறுத்தவில்லை. அடுத்ததாக வந்தவர் ஒரு தாடிக்காரர், சேறு பூசின முகத்தோடு சிவப்பைப் பார்த்து என் பக்கம் சாய்ந்தார், ஒடெத்தின் வைத்தியராக இருக்கவேண்டும். "அங்காலை! ஓடுங்கோ, ஐயா!" என்றேன். அவர் ஒரு கணம் விழித்தார், என் கைகளைப் பார்த்தார், "மெர்சி" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் திரும்பி ஓடினார்.